பாடல் நிலைத்தது, பாடியவளின் பெயர் எங்கே?

அமெரிக்காவில் 'கன்ட்ரி' என வழங்கும் கிராமிய இசையில் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது 2025 பெப்ரவரியில் பியோன்சேக்குக் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அவ்விருதை வென்றமை அதுவே முதற்தடவையாகும். அவ்விசையின் அடையாளமான பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமோ ஆபிரிக்க அடிமைகளின் மரபில் உருவானது.

விருது பெற்ற தொகுப்பில் லிண்டா மார்ட்டெல் என்ற முதியவரின் குரலும் ஒலிக்கிறது. 1969 இல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதலாவது கறுப்பினப் பெண் அவர். 1970 இல் அவரது ஒரேயொரு இசைத்தொகுப்பு வெளிவந்தது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'; அதாவது பெருந்தோட்டம். அப்பெயர் தமக்கு உவப்பாயிருக்கவில்லை என அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். பின்னர் வாய்ப்புகள் அற்றுப்போகவே, பாடசாலை பஸ் ஓட்டியும் வாழ்ந்தார்.

பெருந்தோட்டம் என்ற சொல் எமக்குப் புதியதன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த பெண்கள் பாடாத பாட்டில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைப் பரிகசிக்கும் பாட்டும் அவர்களுடையவை. ஆயினும் மேடையேறிய பெண் என்று நாம் பெயர் சொல்லக்கூடியவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் ஒருவரே எனலாம்.

1930களில் தொழிற்சங்கவாதிகள் தோட்டங்களுக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயன்களுக்குச் சென்றதாகக் கூறப்படுவதுண்டு. அக்காலத்தில் கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடுவார். எழுத்தறியாத தொழிலாளிக்குத் துண்டுப்பிரசுரம் சொல்லாததை அவரது பாட்டுச் சொல்லிற்று. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்களை 1939 இல் அரசு வெளியேற்ற முற்பட்டதைத் தொடர்ந்து, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாடல் நூலை அவர் 1940 இல் வெளியிட்டார். 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. இருந்தும் சாரல்நாடன் போன்ற ஆய்வாளர்கள் பழைய தாள்களைத் தேடியிராவிடில், நடேசய்யரின் மனைவி என்ற அளவிலேயே அவர் நின்றிருப்பார்.

மீனாட்சியம்மாளும் தோட்டத்தில் பிறந்தவரல்லர் என்பதை மறைப்பதற்கில்லை. கல்வியும் அச்சகமும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ரயிலிலும் சந்தியிலும் பாடிப் பாட்டுப் புத்தகம் விற்ற கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் போன்றோரின் பெயர்களும், தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி, மலையக இலக்கிய வரலாற்றில் ஏறிவிட்டன. அவர்கள் ஆண்கள், ஊர் ஊராகத் திரிய முடிந்தவர்கள். விடியலில் மலையேறி மாலையில் கொழுந்து நிறுத்து, இரவில் அடுப்பெரித்தவளுக்கு அது ஏது? சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டியமை பெரும் பேறு. எனினும் நாட்டார் பாடல் என்ற தலைப்பின் கீழ் வந்ததும் பாட்டு பொதுச்சொத்தாகிறது; கட்டியவள் மறைந்துபோகிறாள். லிண்டா மார்ட்டெலுக்கு ஓர் இசைத்தட்டேனும் எஞ்சியது. அதனாற்றான் ஐம்பதாண்டுகளின் பின்னரும் அவரைத் தேடிச் செல்ல முடிந்தது.

மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவு 2023 இல் ஊர்வலங்களுடனும் மாநாடுகளுடனும் நினைவுகூரப்பட்டது. அதே ஆண்டில் சென்னைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் எமது தோட்டத்துச் சிறுமியொருத்தி பாடியபோது லயன்கள்தோறும் மகிழ்ச்சி பொங்கியது. அம்மகிழ்ச்சியில் எமக்கும் பங்குண்டு. ஆனால் அங்கு அரங்கேறுபவை சினிமாப் பாடல்கள். அச்சிறுமியின் பாட்டி தலைமுறை அறிந்த பாடல்களைப் பதிவுசெய்ய எவரும் ஒலிவாங்கி நீட்டவில்லை.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் தமது கைத்தொலைபேசியில் ஒரு மூதாட்டியின் பாட்டைப் பதிவுசெய்து, அவரது சம்மதத்துடன் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் குறித்து வைக்கலாம். கல்வியமைச்சு அதனைப் பாடநெறியின் ஓர் ஒப்படையாக்க வேண்டும். அம்மூதாட்டியர் பலருக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது.