பொட்டில் ஒரு பட்டாம்பூச்சி!

இந்த வாரம் முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். ஆள்காட்டி விரலை எடுத்து, கண்ணோட வெளி ஓரத்துக்குக் கொஞ்சம் பின்னாடி, கன்ன எலும்புக்கு மேலே ரெண்டு விரல்கடை உயரத்துல வைங்க. அதான் பொட்டு! 'எங்க வேணா அடி, பொட்டுல மட்டும் அடிக்காதே'னு பாட்டிங்க கத்துவாங்களே, அதே இடம். ஏன் அப்படிச் சொன்னாங்க? பதில் உங்க விரலுக்கு அடியிலதான் ஒளிஞ்சிருக்கு. பேரு, ஸ்ஃபீனாய்டு.

மண்டையோட்டுல மொத்தம் 22 எலும்பு. அதுல மூளையைச் சுத்தி இருக்கிறது 8. மத்த ஏழு பேரோட கையையும் பிடிச்சுக்கிட்டு நட்டநடுவுல உட்கார்ந்திருக்கிற ஆள்தான் ஸ்ஃபீனாய்டு. கிரேக்க மொழியில 'ஆப்பு மாதிரி'னு அர்த்தம். ஆனா, தனியா எடுத்துப் பார்த்தா அச்சு அசல் பட்டாம்பூச்சி! ரெண்டு பெரிய இறக்கை, ரெண்டு சின்ன இறக்கை, நடுவுல உடம்பு. உடம்புக்கு மேல குதிரைச் சேணம் போல ஒரு பள்ளம். அதுக்குள்ள பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரி சுரப்பி. சின்ன இறக்கையில இருக்கிற துளை வழியாதான் பார்வை நரம்பு கண்ணுக்குப் போகுது. உடம்புக்குள்ள ஒரு காத்து அறையும் உண்டு. பிட்யூட்டரியில கட்டி வந்தா, பெரும்பாலும் மண்டையைத் திறக்காம, மூக்கு வழியாப் போய் இந்த அறையைத் தாண்டித்தான் கட்டியை எடுக்கிறாங்க. 2021-ல கறுப்புப் பூஞ்சைன்னு எல்லாரையும் பயமுறுத்துச்சே... அது மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவினதுல இந்தப் பக்கத்து சைனஸ் அறைகளுக்கும் பங்கு உண்டு.

சரி, பொட்டுக்கு வருவோம். பெரிய இறக்கையோட நுனி வெளியே எட்டிப் பார்க்கிற இடம் அது. நெற்றி எலும்பு, உச்சி எலும்பு, காதுப் பக்க எலும்பு, ஸ்ஃபீனாய்டு... நாலும் சந்திக்கிற ஜங்ஷன். மண்டையோட்டுலயே ரொம்ப மெல்லிசான இடங்கள்ல ஒண்ணு. அதுக்கு உள்பக்கம் ஒட்டின மாதிரி ஓடுது ஒரு ரத்தக் குழாய். அது மண்டைக்குள்ள நுழையறதே ஸ்ஃபீனாய்டோட பெரிய இறக்கையில இருக்கிற ஒரு குட்டித் துளை வழியாத்தான். பொட்டுல அடிபட்டு எலும்பு விரிஞ்சா அந்தக் குழாய் கிழியலாம். எலும்புக்கும் மூளையோட மேலுறைக்கும் நடுவுல ரத்தம் தேங்கி, மூளையை அமுக்க ஆரம்பிக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, 'ஒண்ணும் இல்ல மச்சான், டீ சொல்லு'ன்னு நல்லாவே பேசலாம். அடுத்த சில மணி நேரத்துல சரிஞ்சு விழலாம். 2009 மார்ச்சுல பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கு நடந்தது இதுதான். கனடாவுல பனிச்சறுக்கு கத்துக்கும்போது சாதாரணமா ஒரு விழல். தலையில ஹெல்மெட் இல்ல. நல்லா இருக்கேன்னு சொல்லவே, வந்த ஆம்புலன்ஸும் திரும்பிப் போயிடுச்சு. ரெண்டு நாள்ல உயிர் போயிடுச்சு. வயசு 45.

பனியே இல்லாத நம்ம ஊர்ல என்ன ரிஸ்க்குன்னு கேட்கிறீங்களா? தாம்பரத்துல இருந்து வண்டலூர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுல காலையில போற பைக்குகளைப் பாருங்க. ஹெல்மெட் இருக்கும்... முழங்கையில! இல்லன்னா பெட்ரோல் டேங்க் மேல. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர் தலையில கர்ச்சீப். 'கேம்ப் ரோடு வரைக்கும்தானே'ன்னு ஒரு சமாதானம்.

கொஞ்சம் ஃபிசிக்ஸ் போடுவோமா? ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து விழற ஒரு பொருள் தரையைத் தொடறப்போ மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம். அதாவது, நிக்கிற பைக்கிலிருந்து சாய்ஞ்சாலே உங்க தலை கிட்டத்தட்ட அந்த வேகத்துல ரோட்டை முத்தமிடலாம். 40 கிலோமீட்டர் வேகத்துல மோதினா, ஆறு மீட்டர் உயரத்துல இருந்து குதிச்சதுக்குச் சமம். ஹெல்மெட் உள்ள இருக்கிற தெர்மோகோல் நசுங்கி, அந்த மோதலைச் சில மில்லி செகண்டுக்கு இழுக்குது. நேரம் கூடினா விசை குறையும். பொட்டைச் சரியா மூடாத சட்டி ஹெல்மெட் இந்த வேலைக்கு ஆகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும், தாடைப் பட்டையை மாட்டியிருக்கணும்.

2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் பின்னாடி உட்கார்றவருக்கும் சேர்த்துத்தான் சொல்லுது.

மீறி யாராவது விழுந்துட்டாங்களா? இதை மனசுல வைங்க. தலைவலி ஏறிக்கிட்டே போறது, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கண்மணி மட்டும் பெருசாகறது... எது வந்தாலும் உடனே 108. மூக்கிலிருந்து தண்ணி மாதிரி ஒழுகினா ஜலதோஷம்னு சிந்த விடாதீங்க. மண்டை ஓட்டின் அடிப்பகுதி விரிஞ்சு, மூளையைச் சுத்தி இருக்கிற திரவம் கசியறதா இருக்கலாம். 'தூங்கி எழுந்தா சரியாயிடும்'னு ரூம்ல படுக்க வைக்கவே வைக்காதீங்க. சி.டி. ஸ்கேன் எடுத்து, தேங்கின ரத்தத்தை நேரத்தோட எடுத்துட்டா, நிறையப் பேர் பழையபடி நடமாடறாங்க.

அதுக்கான டாக்டர்களும் நமக்குப் புதுசு இல்ல. வேலூர்ல டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-லயும், சென்னை பொது மருத்துவமனையில டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-லயும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிட்டாங்க. காசுக்குப் பயந்தும் தயங்க வேண்டாம். இதே ஜி.எஸ்.டி. ரோட்டு மேல்மருவத்தூர்லதான் 2021 டிசம்பர் 18-ல 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கினாங்க. விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரத்துக்குத் திட்டத்துல சேர்ந்திருக்கிற மருத்துவமனைகள்ல சிகிச்சை இலவசம். ஆரம்பிச்சப்போ உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி.

அதனால நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கும்போது ஒண்ணு மட்டும் பண்ணுங்க... ஹெல்மெட்டை முழங்கையில மாட்டாதீங்க பாஸ். பட்டாம்பூச்சி அங்கே இல்ல!