ட்ரிப் போவோம், ஆனால் யாருடைய வரைபடத்தில்?

"மச்சான், இந்த முறை கட்டாயம் போறம். இலங்கையை ஒரு சுத்து."

எங்கட வட்ஸ்அப் குரூப்பில் இந்த வசனம் மூன்று வருடமாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பட்டியல் அனுப்புவார். பிறகு ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு லீவு இல்லை, 2022இல் யாருக்குமே பெற்றோல் இல்லை. குரூப் பழையபடி அமைதியாகிவிடும். கடைசியில் 2024 ஆனி மாதம், ஆறு பேர், ஒன்பது நாள் போய்வந்தோம். போன கதையைவிட, போவதற்கு முன்னம் நாங்கள் போட்ட சண்டையைப் பற்றித்தான் இங்கே எழுத விருப்பம். ஏனென்றால் ஒரு பயணம் எப்படி இருக்கும் என்பது வெளிக்கிட முன்னமே, அந்தப் பட்டியலில் முடிவாகிவிடுகிறது.

வந்த பட்டியல்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிஸ்ஸ, காலி, திரும்பக் கொழும்பு. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், மேலே ஏறுகிற கோடு சிகிரியாவோடு திரும்பிவிடும். வடக்கும் கிழக்கும் "நேரம் இருந்தால்" என்ற கடைசி வரியில் கிடக்கும். இதில் சதி ஒன்றும் இல்லை. கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிற ஒருவருக்காகப் போட்ட கோடு அது. சுற்றுலாத் தொழில் வளர்ந்த காலத்தின் பெரும்பகுதி வடக்கு கிழக்கில் யுத்தம். அந்தக் கோடு அப்படியே பழகிப்போய்விட்டது.

எங்கட பிரச்சினை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்களும் அதே கோட்டைத்தான் பிடித்தோம். "நாட்டைச் சுத்திப் பாக்கப் போறம்" என்று சொல்லி, இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் கொழும்புக்குப் போய், அங்கே இருந்து சுத்தத் தொடங்குவதாகத் திட்டம்! நடுவில் கிடக்கிற அத்தனையும் நித்திரையில் போகும்.

இதைக் கேட்டுச் சிரித்தது எங்களில் ஒருத்தியின் அம்மம்மா. "உங்களுக்கு முன்னமே சுத்தினவை இருக்கினம் பிள்ளை" என்றா. அவ சொன்னது கதிர்காமப் பாதயாத்திரையை. செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் போய்ச் சேரும் நடை. ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். நாங்கள் பட்டியலில் யாலவைச் சிறுத்தை பார்க்கிற இடமாகத்தான் எழுதியிருந்தோம். எங்கட ஆட்களுக்கு அது வழி என்பதே மறந்துபோயிருந்தது.

அன்றைக்குத்தான் பட்டியலைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினோம்.

முதல் கேள்வி காலநிலை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் கடல் அமைதியாக இருக்கும். மார்கழி, தையில் இது தலைகீழ். ஆனியில் எங்களுக்கு லீவு என்றால் மிரிஸ்ஸவுக்குப் போய் மழையில் நிற்பதில் அர்த்தம் இல்லை. நிலாவெளிக்குத்தான் போக வேண்டும். இவ்வளவு காலமும் இதைக்கூடப் பார்க்காமல் பட்டியல் போட்டிருக்கிறோம்.

இரண்டாவது கேள்வி காசு. வான் ஒன்று வாடகைக்கு விசாரித்தோம். தலைக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டதும் இரண்டு பேர் குரூப்பில் பச்சைப் புள்ளியோடு மௌனமானார்கள். காசில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, "எனக்கு அந்த நேரம் வேலை" என்றுதான் சொல்வார்கள். நண்பர்களோடு ட்ரிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வானை விட்டுவிட்டோம். பஸ்ஸும் மூன்றாம் வகுப்பு ரெயினும் என்று முடிவெடுத்ததும் அந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. தலைக்கு 35,000 ரூபாய்க்குள் முழுப் பயணமும் முடிந்தது.

மூன்றாவது கேள்விதான் பெரிது: வீட்டில் விடுவார்களா? ஆறு பேரில் மூன்று பேர் பெண்கள். பெடியன்களின் வீட்டில் "கவனமாப் போ" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்தது. மற்றப் பக்கம் ஒரு மாதப் பேச்சுவார்த்தை. "அந்தப் பக்கம் உனக்கு ஆரைத் தெரியும்? சிங்களம் தெரியுமே? ஏதும் நடந்தா ஆரைக் கூப்பிடுவாய்?"

எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தோம். எங்கட அம்மாமாருக்குப் பயணம் என்றால் என்ன? பாஸ் எடுப்பது. ஓமந்தையில் இறங்கி வரிசையில் நிற்பது. A9 பாதை பூட்டியிருந்த காலத்தில் கப்பலில் திருகோணமலைக்குப் போய் இறங்குவது. அவர்கள் கோணேஸ்வரத்தைத் தூரத்தில் கப்பலில் இருந்து பார்த்திருப்பார்கள், கையில் பொதியோடும் அடையாள அட்டையோடும். ஊர் சுத்திப் பார்க்க என்று ஒரு பெண் வெளிக்கிடலாம் என்பது அவர்களின் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. அந்தப் பயம் கற்பனைப் பயம் அல்ல. அதற்காக அது எங்கட தலையில் அப்படியே இறங்கவும் கூடாது. ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவது, எந்த பஸ், யாருடைய நம்பர் என்று ஒரு தாளில் எழுதி மூன்று வீட்டிலும் கொடுத்தோம். "ஆராவது ஒரு அண்ணா கூடப் போகட்டும்" என்ற நிபந்தனையை மட்டும் ஏற்கவில்லை. ஒருத்தியின் அம்மா கடைசி நாள் இரவு, "கன்னியா வெந்நீரூற்றில எனக்கும் சேத்துக் குளிச்சிட்டு வா" என்றா. அனுமதி அப்படித்தான் கிடைத்தது.

கடைசியில் எங்கட வட்டம் இப்படி வந்தது: யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை, ஹப்புத்தளை, மாத்தளை, திரும்ப A9இல் வீடு. ஒன்பது நாளுக்கு ஐந்தே ஐந்து இடத்தில்தான் இரவு தங்கினோம். "சிகிரியா இல்லையா? எல்ல இல்லையா?" என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்: அவை எங்கேயும் ஓடிப் போகாது.

திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்குக் கரையோரப் பாதையில் போனோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த இடத்தில் படகுப்பாதையில்தான் கடக்க வேண்டும். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று நாங்கள் செய்தியில் மட்டுமே கேட்ட பெயர்கள் எல்லாம் பஸ் ஹோல்ட்டுகளாக வந்தன. ஒரு ஊரில் பள்ளிவாசல், அடுத்த ஊரில் கோயில். பஸ்ஸில் ஏறினவர்கள் பேசின தமிழ் ஊருக்கு ஊர் மாறியது. "என்ன மனே, யாழ்ப்பாணமா?" என்று கேட்டு, பக்கத்து சீற்றில் இருந்த ஒரு மூதூர் உம்மா எங்களுக்குப் பணிஸ் வாங்கித் தந்தா. வானில் போயிருந்தால் அந்தப் பணிஸ் இல்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் இரவு நின்று பாடும் மீன் கேட்குமா என்று காதைக் கொடுத்தோம். மோட்டார்சைக்கிள்தான் கேட்டது. ஆனால் அடுத்த நாள் சுவாமி விபுலானந்தரின் சமாதியடியில் நின்றபோது, பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த மனிதருக்கு ஒரு ஊரும் காற்றும் கிடைத்தது.

மட்டக்களப்பில் இருந்து பதுளைக்குச் செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக ஒரு பாதை இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் நாங்கள் இதைக் காணவில்லை. கிழக்கின் வயல்வெளி மெல்ல மெல்லத் தேயிலை மலையாக மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதில்தான் போக வேண்டும். அடுத்த நாள் பதுளையில் இருந்து ரெயின். எல்லோரும் படம் எடுக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தை நாங்களும் கடந்தோம். ரெயினுக்குள் இருந்தால் பாலம் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. எங்களைப் பார்த்தபடி நூறு போன்தான் தெரிந்தது.

இப்போது சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

ஹப்புத்தளையில் இருந்து காலையில் தோட்டத்து பஸ்ஸில் தம்பேதன்னைக்குப் போய், அங்கே இருந்து லிப்டன் சீற்றுக்கு நடந்தோம். தோமஸ் லிப்டன் அங்கே இருந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பனி, பச்சை, தலையில் கூடை. எங்களில் ஒருவர் போனைத் தூக்கினார். ஒரு அக்கா கையை நிறுத்தாமல் கேட்டா, "எங்கிருந்துங்க வர்றீங்க?" சொன்னோம். "எங்க சித்தி வீடு கிளிநொச்சிங்க. 77 கலவரத்துல போனவங்க" என்றா. பிறகு, கோபமே இல்லாமல், "இந்தப் படம் எங்கங்க போகும்?" என்று கேட்டா.

எங்களிடம் பதில் இல்லை. போன் கீழே இறங்கியது.

2009க்குப் பிறகு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வன்னிக்கு வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த்தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எங்கட ஆட்கள் மனம் நொந்து கதைத்தார்கள், எழுதினார்கள்: எங்கட இழப்பு உங்களுக்குக் காட்சியா? நியாயமான கேள்வி. அதே கேள்வியைத்தான் அந்த அக்கா எங்களிடம் கேட்டா. கூடையில் இருக்கிற கிலோவும், 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை அவர்கள் நடத்திய போராட்டமும், லயன் அறையும் எங்கட படத்தில் விழாது. பச்சை மட்டும்தான் விழும். 1948இல் இந்த மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதை நாங்கள் ஓ/எல் வரலாற்றில் ஐந்து புள்ளிக்குப் படித்தோம். எங்கட ஊரில் இன்னும் அவர்களைக் குறிக்க ஒரு கேவலமான சொல் புழங்குகிறது. வீடுகளில் கேட்டிருக்கிறோம். பேசாமல் இருந்திருக்கிறோம்.

அதனால்தான் மாத்தளையைக் கடைசித் தரிப்பாக வைத்தது சரியென்று பட்டது. 2023இல் மலையக மக்களின் இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர்கள் கடல் தாண்டி வந்து காட்டுக்குள்ளால் நடந்த வழி அது. எத்தனையோ பேர் போய்ச்சேராமல் வழியிலேயே செத்துப்போன வழி. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு A9இல் வடக்கே திரும்பும்போது, நாங்கள் போகிற திசைக்கு எதிர்த்திசையில் வந்த அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு அரசியல் தேவையா? சந்தோசமாப் போட்டு வாங்கோவன்" என்று ஒரு நண்பர் கேட்டார். நாங்கள் சந்தோசமாகத்தான் போனோம். நிலாவெளியில் கறுத்துப்போகும் வரை குளித்தோம். ஒகியாவில் வெயில், சுரங்கத்தைத் தாண்டிப் பட்டிப்பொலவில் தூறல் என்று ரெயினில் கூச்சல் போட்டோம். கொத்துறொட்டி எங்கே நல்லது என்று இன்னும் சண்டை. அந்தச் சந்தோசத்தில் ஒன்றும் குறையவில்லை. நாலு மனிதரோடு கதைத்ததும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் இனிப்பும் இல்லை. ஒரு இடத்தில் டிக்கெட் எடுக்கப் போனபோது எங்கட தமிழைக் கேட்டுவிட்டு வெளிநாட்டவரின் கவுண்டரைக் காட்டினார்கள். "இந்தியாவா?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருத்தி அடையாள அட்டையை நீட்டி, தெரிந்த சிங்களத்தில் "அப்பி லங்காவே" என்றாள். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் அந்தக் கவுண்டருக்கு அடிக்கடி போகாததும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகு கதைத்துக்கொண்டோம். அடுத்த முறைக்குள் பஸ் பலகைகளை வாசிக்கிற அளவுக்காவது சிங்கள எழுத்துப் படிப்பது என்றும் முடிவெடுத்தோம். ஆறு பேரில் நான்கு பேர் தொடங்கியிருக்கிறோம், மெதுவாகப் போகிறது.

ஆகவே, உங்கட குரூப்பிலும் யாராவது பட்டியல் அனுப்பியிருந்தால் நாங்கள் சொல்வது இவ்வளவுதான். உங்கட வீட்டுப் படலையில் இருந்து கோட்டைத் தொடங்குங்கோ. இடத்தைப் பாதியாகக் குறைத்து இரவைக் கூட்டுங்கோ. காசில்லாத நண்பன் வரக்கூடிய வாகனத்தில் போங்கோ. பெண்பிள்ளைகள் வர முடியாத திட்டம் என்றால் திட்டத்தை மாற்றுங்கோ, ஆட்களைக் குறைக்காதேங்கோ. போனைத் தூக்க முன்னம் ஒரு வார்த்தை கதையுங்கோ.

அடுத்தது மன்னார். தலைமன்னார் இறங்குதுறையில் தொடங்குவதாகக் கதை. குரூப்பில் பட்டியல் வந்துவிட்டது, சண்டையும் தொடங்கிவிட்டது.