குடல் அழற்சிக்குக் காரணம் எதிர்ப்புச் சக்திக் குறைவா?

மலத்தில் ரத்தம், ஓயாத வயிற்றுப்போக்கு, மெலிந்துகொண்டே போகும் உடம்பு. ஸ்கோப் செய்து பார்த்து கிரோன்ஸ் என்றோ அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்றோ டாக்டர் சொன்னதும், பார்க்க வருகிறவர்கள் சொல்வது இதுதான்: “எதிர்ப்புச் சக்தி இல்லை, அதைக் கூட்டு.” அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் அது ஆபத்தான தவறு.

குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களோடு எதிர்ப்பாற்றல் ஓயாமல் சண்டை போடுவதால்தான் புண் வருகிறது. இந்தச் சண்டையை அடக்கி வைப்பது இன்டர்லூகின்-10 என்ற புரதம். 1993இல் ஜெர்மனியில் அதற்கான மரபணுவை நீக்கி எலிகளை வளர்த்தார்கள். குடல் அழற்சி வந்தது. பின்னர் அத்தகைய எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள், வரவில்லை. 2009இல், கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் குடல் அழற்சி கண்ட சிலரிடம், இதே புரதத்தின் ஏற்பியில் பிறவிக் கோளாறு இருப்பது தெரிந்தது.

எதிர்த்தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2001இல் கிரோன்ஸோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட நாட்2 மரபணு, பாக்டீரியாச் சுவரின் துணுக்குகளை உணர்வதற்கானது. அது பழுதானால் பாதுகாப்பில் ஒரு பகுதி தளர்கிறது. சொரியாசிஸைக் கட்டுப்படுத்தும் செகுகினுமாப் ஊசி கிரோன்ஸில் பலன் தரவில்லை, சிலருக்கு நோயைக் கூட்டியது என்று 2012இல் வெளியான சோதனை காட்டியது. அது தடுக்கும் இன்டர்லூகின்-17 குடல் சுவரைக் காக்கவும் செய்கிறது. ஆகவே மொத்தமாகக் கூட்டவோ குறைக்கவோ எதிர்ப்பாற்றல் ஒற்றைப் பொருள் அல்ல. எந்தக் கண்ணி பழுது என்பதே கேள்வி. அதற்கு எதிர்ப்புச் சக்தி கூட்டும் லேகியத்தில் பதில் இல்லை.

வேறு சிலர், மனக்கவலையால் வந்தது என்பார்கள். 1930களில் மருத்துவர்கள் சிலரும் அப்படித்தான் நம்பினார்கள். கவலை நோயைக் கிளறலாம். அதுவே மூலகாரணம் என்று சொல்லி நோயாளியைக் குற்றவாளியாக்குவது கொடுமை. காரத்தைக் குறை சொல்வோரும் உண்டு. காரம் புண்ணுள்ள குடலை எரிக்கும். நோயை உண்டாக்கியதற்குச் சான்று இல்லை.

“குடல் அழற்சிக்குத் தரும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும்” என்ற பயத்திலும் உண்மை கலந்திருக்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் உறங்கும் காசநோயை எழுப்பக்கூடும். அதனால்தான் முன்கூட்டியே நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார்கள். ஆனால் 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் நடத்திய கொலைடிஸ் சோதனையில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் சுமார் 41 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. வெற்று மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம்தான். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால், வேலையை மறந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கைவிட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பயம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை அவர் படிப்படியாகக் குறைப்பார்.