இருபது பேர் கணக்கில் வராதவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மதுக்கூர் பக்கத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஊசிநூல் டீச்சரை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று அவள் மகள் கேட்டுக்கொண்டாள், சரி. கைப்பையில் எப்போதும் ஊசியும் வெள்ளை நூலும் இருக்கும். பட்டன் பிய்ந்து வரும் பையனைப் பிரேயர் முடிந்ததும் பக்கத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றாமலே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். உடம்பில் போட்டிருக்கும்போது தைக்கக் கூடாது என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு. அப்படித் தைத்து வாங்கிய சிலர் இன்று நரைத்த மீசையோடு இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

2021 மே மாதம், தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், அவள் பட்டுக்கோட்டையில் இறந்துபோனாள். கொரோனா இல்லை. மாரடைப்பு.

1976-ல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள் நாங்கள். எனக்குப் படம் வரைய வராது. மாதிரி வகுப்புக்கு என் சார்ட்டுகளை எல்லாம் அவள்தான் வரைந்தாள். அவள் இறந்தபோது எனக்கு 64 வயது. வெளியில் டீச்சர், வீட்டில் அம்மா, அத்தை, அப்பாயி. "வாடி" என்று கூப்பிட அவள் ஒருத்திதான் பாக்கி இருந்தாள்.

மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை ஒரு மணி நேரப் பயணம். ஆனால் வேறு மாவட்டம். இறப்புக்கு இ-பதிவு செய்துகொண்டு போகலாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு வந்தான். அதற்குள் அவள் மகளே கூப்பிட்டுவிட்டாள். "பெரியம்மா, நீங்க வராதீங்க. இருபது பேருக்கு மேல கூடாதுன்னு ரெண்டு தடவை வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. இப்பவே இருபத்திரண்டு பேர் இருக்கோம்." நான் "சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

பேரன் வீடியோ காலில் காட்டினான். முக்கால்வாசி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. தூக்கப் போகிறார்கள் என்று யாரோ குரல் கொடுத்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இருபது பேர் என்ற விதி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. அப்படி இருக்கும்போது சாவு வீட்டில் கூட்டம் கூட விடுவது எப்படிச் சரியாகும்? என் கேள்வி வேறு. அந்த இருபது பேரை நாம் எப்படிப் பொறுக்கினோம்?

நம் சடங்கில் எல்லா உறவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகன் கொள்ளி வைக்க வேண்டும், பிறந்த வீட்டார் கோடி கொண்டுவர வேண்டும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். சிநேகிதிக்கு மட்டும் எந்த வேலையும் கிடையாது. கூட்டத்தில் ஒருத்தியாக வந்து, கட்டிப்பிடித்து அழுது, ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவதுதான் அவள் பங்கு. கூட்டமே கூடாது என்றால் முதலில் விழுவது அவள் பெயர்தான்.

அவள் மகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2020 ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் தவறியபோது இதே இருபது பேர் பட்டியலை நான்தான் உட்கார்ந்து எழுதினேன். சம்பந்தியின் தம்பியைச் சேர்த்தேன். அவர் என் வீட்டுக்காரரை மொத்தம் நான்கு முறை பார்த்திருப்பார். சேர்க்காவிட்டால் பேச்சு வருமே! முப்பது வருடம் தினமும் காலையில் அவரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த லைன்மேன் அண்ணன் பெயர் எனக்குத் தோன்றக்கூட இல்லை. வண்டி கிளம்பும்போது பார்த்தேன். தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முகக்கவசத்தோடு நின்றிருந்தார். கையைக் காட்டி ஒரு நிமிடம் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நானே வெளியே நிறுத்தப்பட்ட பிறகுதான் இது உறைத்தது. முந்தாநாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். "அன்னைக்கு உங்களைப் பார்த்தேண்ணே" என்றேன். "தெரியும் டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் கடன் வாங்கி நாடகம் போட்டு நஷ்டப்பட்டதையும், அந்தக் கடனை அடைக்க இரண்டு வருடம் இரவில் அரிசி மில்லில் கணக்கு எழுதியதையும் சொன்னார். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அன்று அவரைப் பட்டியலில் சேர்த்திருந்தால் பிள்ளைகளாவது அப்போதே கேட்டிருப்பார்கள்.

அதனால் உறவுகளுக்கு ஒன்று சொல்கிறேன். இனி எப்போதாவது இப்படிக் கட்டுப்பாடு வந்தால், பட்டியல் போடும்போது ஓர் இடத்தைச் சிநேகிதருக்கு விட்டுவையுங்கள். சம்பந்தி வீட்டார் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். போக முடியாமல் போனவர்கள், காரியம் முடிந்த வீட்டுக்கு இனி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் கும்பிடும் கைப்படம் போட்டது துக்கம் விசாரித்ததாகாது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊசிநூல் டீச்சரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அவள் பெண்களுக்கு அம்மாவைத் தெரியும், டீச்சரைத் தெரியாது. ஒரு பட்டன் கதையானாலும் சரி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டை போகப் போகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒற்றுப்பிழைக்கு இந்த முறை மதிப்பெண் குறைக்க மாட்டேன்.