உறையில் வேப்பிலை, உள்ளே என்ன?

சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் சோப்பு வாங்கும் நம் குடும்பத்தார் உறையில் அச்சிட்ட வேப்பிலையைப் பார்க்கிறார்கள். பின்புறத்துப் பொடி எழுத்தைப் பார்ப்பதில்லை. பிஸ்கட்டில் பச்சைப் புள்ளியைத் தேடும் நாம், குளிப்புக் கடமையை நிறைவேற்றும்போது உடலில் தேய்ப்பதை மட்டும் விளம்பரத்தை நம்பி வாங்குவது என்ன நியாயம்?

அப்பொடி எழுத்தில் சோடியம் பாமேட் என்றிருந்தால் பாமாயில். சோடியம் கோகோவேட் என்றால் தேங்காயெண்ணெய். சோடியம் டாலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு. எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதை உறை சொல்லாது. நஜீஸான கொழுப்பும் சோப்பாகும்போது தன்மை மாறித் தூய்மையடைகிறது என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபோ, தானாகக் காடியாகும் மது, பதனிட்ட தோல் போன்ற சிலவற்றுக்கு அப்பால் இம்மாற்றத்தை ஏற்பதில்லை. இரு மத்ஹபினரும் சம்பந்தம் செய்துகொள்ளும் நம் வீடுகளில், தாவர எண்ணெய் சோப்பு இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

அதற்காக ‘இயற்கை’ வணிகர்களை விட்டுவிடுவதற்கில்லை. ‘இரசாயனமே இல்லாதது’ என்பது பொய். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு இல்லை. சரியான அளவில் சேர்த்தால் எண்ணெயோடு வினைபுரிந்து அது தீர்ந்துவிடுகிறது, அவ்வளவே. நொடிகளில் கழுவிப் போகும் மஞ்சளும் வேம்பும் கரப்பானைக் குணமாக்கும் என்று சொல்லி இருமடங்கு விலை பெறுவது, அளவையில் மோசடி செய்வதற்குச் சற்றும் குறைந்ததன்று.

மெய்யான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய் சோப்பாகும்போது கிளிசரின் தானே பிறக்கிறது. தோலின் ஈரத்தைக் காப்பது அதுவே. பெரிய ஆலைகள் பெரும்பாலும் அதைப் பிரித்துத் தனியே விற்றுவிடுகின்றன. கையால் செய்யும் சோப்பில் அது தங்குகிறது. ஆயினும் முழுக்கத் தேங்காயெண்ணெயால் செய்தது நன்கு நுரைக்கும், தோலையும் வறட்டும். ஆலிவ் எண்ணெயோ நல்லெண்ணெயோ கலந்தால் மென்மை கூடும். அலெப்போவில் ஆலிவ் எண்ணெயோடு லாரல் எண்ணெய் சேர்த்துச் செய்யும் சோப்பை 2024-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்க்கு அச்செய்தியே எட்டவில்லை! மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலையைப் பயன்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை மட்டும் மறவாதிருக்கிறோம்.

ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: எந்த எண்ணெய், என்ன விகிதம், எத்தனை வாரம் காயவைத்தது? நான்கு வாரமாவது காயாத கட்டியைத் திருப்பிக் கொடுங்கள். விடை சொல்லத் தெரியாதவர் உறையில் எத்தனை இலை வரைந்திருந்தாலும் வாங்காதீர்கள்.