பழைய கெர்னல் இருக்க பார்மட் எதற்கு?

கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் பலரும் சொல்லும் முதல் வைத்தியம், "பார்மட் செய்துவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்" என்பதுதான். லினக்ஸில் புதிய கெர்னலைப் போட்டு மாட்டிக் கொண்டவர்களுக்கும் இதையே சொல்கிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது இது. பார்மட் செய்தால் கெர்னல் மட்டுமா போகும்? அதே டிஸ்க்கில் உள்ள குடும்பப் போட்டோக்களும் வரவு செலவுக் கணக்குகளும் சேர்ந்தே போய்விடும்.

ஹார்ட்வேருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்குவது கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனால் தேவையானதை மட்டும் சேர்த்து நாமே ஒரு கெர்னல் தயாரிக்கலாம். இதுதான் கஸ்டம் கெர்னல்.

புதியவர்கள் அறிய வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் புதிய கெர்னலை நிறுவும்போது பழையது அழிவதில்லை. இரண்டும் பூட் டைரக்டரியில் தனித்தனி பைல்களாக இருக்கும். எனவே உபுண்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன், பழைய பயாஸ் என்றால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது பூட் ஆகிவிட்டால் உங்கள் டிஸ்க்கும் பைல்களும் நலம். கோளாறு புதிய கெர்னலில்தான்.

இனி காரணத்தைத் தேடலாம். திரையில் 'கெர்னல் பேனிக்' என்றும், ரூட் பைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்றும் வந்தால், பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் கெர்னலுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த டிரைவர் அதே டிஸ்க்குக்குள் இருக்கிறது! பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். சாவியை வெளியே எடுத்து வந்து தருவது இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு பைல். பழைய கெர்னலில் நுழைந்து, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையால் புதிய கெர்னலுக்கு அதை உருவாக்கி, 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். பூட் பார்ட்டிஷனில் இடம் இல்லாவிட்டாலும் இந்த பைல் அரைகுறையாக நின்றுவிடும். அதையும் பாருங்கள்.

கையெழுத்து சரியில்லை என்று செய்தி வந்தால், செக்யூர் பூட் தடுக்கிறது. நாமே தயாரித்த கெர்னலில் அது நம்பும் டிஜிட்டல் கையெழுத்து இருக்காது. நம் சொந்தச் சாவியால் கையெழுத்திட்டு அதைப் பதிவு செய்யலாம். அல்லது செக்யூர் பூட்டை நிறுத்தலாம். அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் பிட்லாக்கரும் இருந்தால், ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக் கொண்டு நிறுத்துங்கள்.

பூட் ஆகியும் திரை கறுப்பாகவே இருந்தால், என்விடியா போன்ற டிரைவர் புதிய கெர்னலுக்காகத் தயாராகவில்லையா என்று பாருங்கள்.

வேகம் கூடும் என்ற ஆசையில் கஸ்டம் கெர்னல் பக்கம் போகாதீர்கள். வீட்டு உபயோகத்திற்கு உபுண்டுவோ டெபியனோ தரும் கெர்னலே போதும். கற்றுக் கொள்ளும் ஆர்வம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதலில் பேக்கப் எடுங்கள். புதிய கெர்னலின் பெயரோடு உங்கள் அடையாளம் ஒன்றைச் சேருங்கள்; அதே பெயர் இருந்தால் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடலாம். புதியது சில நாட்கள் ஒழுங்காக ஓடும் வரை பழையதை நீக்காதீர்கள். லைவ் யுஎஸ்பி ஒன்றும் தயாராக இருக்கட்டும். எந்தக் கெர்னலும் பூட் ஆகாத நிலையிலும் அதன் மூலம் பைல்களைக் காப்பி செய்து கொள்ளலாம்.

பிழைச் செய்தி வந்தால் பதறாமல் மொபைலில் படம் எடுத்து, கடைசி வரிகளை நிதானமாகப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.