மஞ்சாடியும் புளியங்கொட்டையும்



லீவுக்கு நாகர்கோவில் வந்த பேரனும் பேத்தியும் பூஜ்யமும் பெருக்கல் குறியும் போட்டு விளையாடினார்கள். பத்து ஆட்டத்தில் சலிப்பு. "ஆச்சி, எப்பவும் சமமாத்தான் முடியுது, போரடிக்கு" என்றாள் பேத்தி.

சமமாகவே முடியாத ஒரு ஆட்டம் இருக்கிறது. பெயர் ஹெக்ஸ். டென்மார்க்கில் பியட் ஹைன் என்பவர் 1942-இல் கண்டுபிடித்தார். சில வருஷம் கழித்து அமெரிக்காவில் ஜான் நாஷ் தனியாகக் கண்டுபிடித்தார். 1994-இல் பொருளாதார நோபல் வாங்கிய அதே நாஷ்தான்.

கோலம் போடத் தெரிந்தால் பலகை வாங்க வேண்டாம். இடுக்குப் புள்ளிதான். வரிசைக்கு 11 புள்ளி, 11 வரிசை. ஒவ்வொரு வரிசையையும் ஒரே பக்கமாக அரைப் புள்ளி தள்ளி வைக்கணும். ஒருவருக்கு மஞ்சாடி, ஒருவருக்குப் புளியங்கொட்டை. முறைக்கு ஒன்று வைக்கலாம். வைத்ததை நகர்த்தவோ வெட்டவோ கூடாது. மஞ்சாடி மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இணைக்கணும், புளியங்கொட்டை இடதையும் வலதையும். எதிராளியை முழுக்க மறிக்க ஒரே வழி, நம் பாதையை முடிப்பதுதான். அதனால்தான் சமம் கிடையாது.

நாஷ் சொன்ன நிரூபணம் என்னை அசத்திவிட்டது. இரண்டாவதாக ஆடுபவருக்குத் தப்பாத வழி ஒன்று உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் எங்கேயாவது ஒரு கல்லை வைத்துவிட்டு, அந்த வழியைத் தானே எடுத்துக்கொள்ளலாமே! இதில் கூடுதல் கல்லால் கெடுதல் வராது. ஆக, தப்பாத வழி முதலாமவருக்குத்தான். அது எந்த வழி? நிரூபணம் சொல்லாது. விடை இருக்கிறதென்று தெரிவது வேறு, விடை தெரிவது வேறு. இத்தனை வருஷம் கணக்கு நடத்தியும் இதை ஒரு பிள்ளைக்கும் நான் காட்டவில்லை. "ஸ்டெப் போடலேன்னா மார்க் இல்லை" என்பதோடு நின்றுவிட்டேன்.

முதலில் யார் என்று இங்கே சண்டை வந்தது. அதற்கும் வழி உண்டு: ஒருவர் முதல் கல்லை வைக்கணும், மற்றவர் பார்த்துவிட்டு வேண்டுமானால் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் யாரும் பேராசைப்பட்டு நடுவில் வைப்பதில்லை. சொத்தில் ஒருவர் பங்கு வைக்க, மற்றவர் முதலில் எடுப்பதுபோல. எங்கள் அப்பாவின் தென்னந்தோப்பையும் இப்படிப் பிரித்திருந்தால்... அண்ணன்மார் வாசிப்பார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் மாதம் ஒரு கணக்குப் பீரியடை இதற்கு விடணும் என்பது என் கட்சி. செஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் காய் நகர்த்தப் பழகவே நாளாகும். இதன் விதி ஐந்து நிமிஷம். முதலில் ஐந்துக்கு ஐந்து புள்ளி போதும். "போர்ஷனை யார் டீச்சர் முடிப்பா?" என்று இப்போது ஆசிரியராக இருக்கும் பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயம்தான். பரீட்சை முடிந்து பேப்பர் திருத்தும் நாட்களில் வகுப்பு சும்மாதானே இருக்கிறது?

எட்டாம் வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்து விளையாடிய இரண்டு பேரின் நோட்டைப் பிடுங்கி வருஷக் கடைசிவரை வைத்திருந்தேன். என்ன ஆட்டம் என்றுகூடக் கேட்கவில்லை. நீங்கள் இதைப் படித்தால் ஒருநாள் வீட்டுக்கு வாங்க மக்களே. திண்ணையில் புள்ளி அழியாமல் கிடக்கு.